செண்பகத்தின் வண்டி ஒழுகிய கோடை

பங்குனி முடிவதற்குள் கிணறுகளெல்லாம் வற்றி, போர்க்குழாய்கள் காற்றை மட்டும் துப்பிக்கொண்டிருந்த வருடத்தில், ஊரின் கிழக்குக் கடைசியில், தீப்பெட்டி ஆபீசுக்குப் பின்னால் இருக்கும் பாறைக்குழித் தெருவில், செண்பகவல்லியின் பழைய வெள்ளை வேன் ஒழுகத் தொடங்கியது. முந்தின நாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போதே சூட்டு முள் சிவப்பைத் தொட்டிருந்தது. வண்டியை வாசலில் நிறுத்தி, சூடு ஆறியதும் குனிந்து பார்த்தாள். ரேடியேட்டரிலிருந்து இஞ்சினுக்குப் போகும் கீழ் ரப்பர் ஹோஸில், கிளிப் இறுக்கியிருந்த இடத்தை ஒட்டி, நகக்கீறல் அளவுக்கு ஒரு வெடிப்பு. அந்தப் பக்கத்து டிரைவர்கள் எல்லோரும் செய்வதை அவளும் செய்தாள். அடுப்படியிலிருந்து ஒரு கை மஞ்சள்தூளை அள்ளி வந்து ரேடியேட்டர் வாயில் போட்டு, ஒரு செம்புத் தண்ணீரும் ஊற்றி மூடினாள். மஞ்சள் ஊறி உப்பி வெடிப்பில் போய் அடைத்துக்கொள்ளும், அதை வைத்துக்கொண்டு கொஞ்ச நாள் ஓட்டிவிடலாம் என்பது அவர்களுடைய கணக்கு.

விடிந்தபோது வண்டிக்கடியில் மஞ்சள் தண்ணீர் குளம் கட்டி, வாசலைத் தாண்டி, தெரு நடுவில் வாய்க்கால் பிடித்து ஓடிக்கொண்டிருந்தது. வெயில் ஏற ஏற மஞ்சள் போய்த் தெளிந்தது, நிற்கவில்லை. அவள் மூடியைத் திறந்து உள்ளே விரலை விட்டாள். ஈரமே இல்லை. காய்ந்த மஞ்சள் பொருக்கு விரலில் ஒட்டியது. ஊற்றிய ஒரு செம்பும் எப்போதோ தீர்ந்துபோயிருக்க, இஞ்சின் அணைந்து கிடக்க, ரேடியேட்டர் காய்ந்து கிடக்க, ஹோஸின் வெடிப்பிலிருந்து மட்டும் சுண்டுவிரல் கனத்துக்குக் குளிர்ந்த தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.

எதிர்வீட்டு ஆவுடையம்மாள் பல் தேய்த்துக்கொண்டே அதைப் பார்த்தாள். எங்கிருந்து வருகிறது என்று அவள் கேட்கவில்லை. வாயைக் கொப்பளித்துவிட்டு உள்ளே போய் ஒரு வாளியைக் கொண்டுவந்து வண்டிக்கடியில் தள்ளினாள்.

"வீணாப் போகுதுல்லா மதினி. எடுத்துக்கிடட்டா?"

"ரேடியேட்டர் தண்ணி மதினி. மஞ்சள் வேற போட்டிருக்கேன்."

"மஞ்சள் நல்லதுதான," என்ற ஆவுடை ஒரு கை ஏந்திக் குடித்துப் பார்த்தாள். "ஏயம்மா! இனிக்கில்லா செய்யிது."

அந்த ஒரு வார்த்தை தெருக்கோடி வரைக்கும் போனது. சாயங்காலத்துக்குள் பாறைக்குழித் தெருவின் எல்லா வீட்டுக் குடங்களும் செண்பகத்தின் வாசலுக்கு வந்துவிட்டன.

செண்பகத்துக்கு அந்த வண்டி முன்பு பல வேலைகளுக்கு இருந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஏற்றியிருக்கிறாள், கல்யாணத்துக்குப் பெண்ணழைப்பு ஓட்டியிருக்கிறாள், குற்றாலத்துக்குக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுபோயிருக்கிறாள். இப்போது ஒரே ஒரு வேலைக்குத்தான். அவள் புருஷன் சண்முகவேலுக்குச் சிறுநீரகம் இரண்டும் நின்றுபோயிருந்தன. உடம்பில் சேருகிற தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் கால் வீங்கி, முகம் வீங்கி, பிறகு நெஞ்சுக்கு ஏறும். ஒருநாள் விட்டு ஒருநாள் பெரிய ஊருக்குக் கொண்டுபோய், ஆஸ்பத்திரியில் மெஷினோடு இணைத்துப் படுக்கவைத்து, அந்தத் தண்ணீரை எடுக்க வேண்டும். பஸ்ஸில் அவரால் நிற்க முடியாது, உட்கார்ந்தாலும் குலுக்கலில் மயக்கம் வரும். வேனின் பின்சீட்டை எடுத்துவிட்டு ஒரு மெத்தையைப் போட்டு, அதில் படுத்துக்கொண்டு போய் வருவார். குடிப்பதற்கு அவருக்கு நாள் முழுக்க ஒரு டம்ளர் தண்ணீர்தான் அனுமதி.

இதெல்லாம் தெருவுக்குத் தெரியும். தெரு கல்மனசுத் தெரு இல்லை. வண்டியை எடுக்க வேண்டும், ஹோஸை மாற்ற வேண்டும் என்று செண்பகம் சொன்னபோது, குடத்தை இடுப்பில் வைத்தபடியே பெண்கள் அவளைச் சுற்றி நின்று, அண்ணாச்சியை நாங்கள் கொண்டுபோகிறோம், ஆட்டோ வைத்துக் கொண்டுபோகிறோம், வீட்டுக்கு ஒரு முறை, நீ அடுப்பை விட்டுக்கூட எழுந்திருக்க வேண்டாம் என்றார்கள். சொல்லும்போது ஆவுடை அழுதாள், உண்மையாகவே அழுதாள். முதல் முறை ஆட்டோவில் தலையணை வைத்தார்கள், இட்லி கட்டிக் கொடுத்தார்கள், இரண்டு பேர் கூடவே போய்ச் சாயங்காலம் வரை ஆஸ்பத்திரியில் காத்துக்கிடந்தார்கள். செண்பகத்துக்கும் தன் வண்டியால் நாலு வீட்டில் உலை கொதிக்கிறதே என்று ஒரு சந்தோஷம் இருந்தது.

தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. தெரு அதற்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொண்டது. குடம் வண்டிக்கடியில் நுழையவில்லை என்று, ஆண்கள் சேர்ந்து முன்பக்கத்தைத் தூக்கி, சக்கரத்துக்கு ஒரு பக்கம் நாலு ஹாலோ பிளாக் கொடுத்து நிறுத்தினார்கள். வெயில் தாங்கவில்லை என்று கல்யாண வீட்டுக்காரர் ஒருவர் பந்தல் துணியைக் கொடுத்தார், அதை வண்டிக்கு மேல் கட்டினார்கள். முதலில் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். தீப்பெட்டி ஆபீசில் வேலைக்கு நேரமாகிறது என்று ஆட்கள் போய்விட, குடங்கள் மட்டும் நின்றன. குடங்களை எவளோ இரவில் முன்னே பின்னே நகர்த்திவிட்டாள் என்று சண்டை வந்து, மயிரைப் பிடித்து, மண்டை உடைந்து, கடைசியில் ஒரு சட்டம் வந்தது. குடம் வைத்த இடத்தில் வைத்தபடி இருக்க வேண்டும். முறை வருகிறவரை யார் தொட்டு நகர்த்தினாலும், அது தன் குடமே ஆனாலும், அது கடைசிக்குப் போய்விடும். சாமி கும்பிடுவதில்கூட அந்தத் தெருவில் இப்படி ஒரு கட்டுப்பாடு இருந்ததில்லை. பச்சை, நீலம், சிவப்பு என்று பிளாஸ்டிக் குடங்கள் வண்டியின் மூக்கிலிருந்து தொடங்கித் தெருமுனை வரைக்கும் ராத்திரியும் பகலும் நின்றன. நாய்கள்கூட அவற்றைச் சுற்றிக்கொண்டு போகப் பழகின.

தண்ணீர் விழுவது நிரந்தரமானதும் ஆட்டோ தற்காலிகமானது. முறை வைத்திருந்த வீட்டில் திடீரென்று ஒரு சடங்கு வந்தது. அடுத்த வீட்டில் மறந்துபோனார்கள். அதற்கடுத்த வீட்டுக்காரி, போன முறை நாங்கள்தானே, என்றாள். செண்பகம் பக்கத்து ஊருக்குப் போன் போட்டு ஆட்டோ பிடித்து, பாதி வழியில் சண்முகவேல் மூச்சுத் திணற, ரோட்டோரம் நிறுத்தி விசிறி, எப்படியோ கொண்டுபோய்ச் சேர்த்தாள். பிறகு ஒரு முறை யாரும் வரவில்லை, எதுவும் கிடைக்கவில்லை, போக முடியவில்லை.

அன்றைக்கு அவள் மெக்கானிக் சேர்மத்துரையின் பட்டறைக்குப் போனாள்.

"ஒரு ஹோஸ் மாத்தணும். வா."

சேர்மத்துரை கையிலிருந்த ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தான், துடைத்துக்கொண்டே இருந்தான்.

"எக்கா, நான் கை வச்சேன்னா எம் பொண்டாட்டி என்னைய வீட்டுல சேக்க மாட்டா. வரிசையில மூணாவது நிக்கது அவ குடம்தான்."

"உனக்கு மாத்தத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"பின்ன?"

"தெரியும்கிறதாலதான் வரலைங்கேன். தெரியாதவன்னா வந்து சும்மா தட்டிட்டுப் போவான்லா." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "இந்த ஊருல ஒருத்தனும் தொட மாட்டான்கா, கோவிச்சுக்கிடாதீங்க," என்றான்.

அதே வாரம் நகராட்சியும் வண்டியைப் பார்க்க வந்தது. பேன்ட் போட்ட ஒருவர் கண்ணாடிக் குப்பியில் தண்ணீரைப் பிடித்து வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்தார். இன்னொருவர் வண்டியின் கதவில் நீலப் பெயின்டால் ஓர் எண்ணை எழுதி, அதன்கீழ் 'பொது நீராதாரம்' என்று எழுதினார். அவர்களுக்கும் ஆச்சரியம் எதுவும் இல்லை, இதைவிட விசித்திரமான இடங்களிலிருந்தெல்லாம் அவர்கள் தண்ணீர் வருவதாக எழுதியிருக்கிறார்கள். கூட வந்த கவுன்சிலர் ராமசுப்பு செண்பகத்துக்குக் கும்பிடு போட்டான்.

"எக்கா, உங்க வண்டியால நம்ம வார்டுக்கே ஒரு பேரு. அடுத்த மாசம் எவர்சில்வர் பைப்பு வச்சு, மூணு டேப்பு போட்டு, மேல தகரக் கூரை போட்டு, நம்ம பேருல ஒரு போர்டும் வச்சுத் திறந்திருவோம்."

"தண்ணி லாரி ஏன் வரதில்ல?"

"தண்ணி இருக்க தெருவுக்கு லாரி எதுக்குக்கா?"

"நான் வண்டிய எடுக்கணும். அவுகள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போணும்."

ராமசுப்பு கதவிலிருந்த எழுத்தைக் காட்டினான். பெயின்ட் இன்னும் காயவில்லை. "எப்படிக்கா எடுப்பிய? பொதுச் சொத்துல்லா."

செண்பகத்துக்குக் கோபம் அன்றைக்குத்தான் வந்தது. அதுவரை இருந்ததெல்லாம் எரிச்சல். இது வேறு. இது வயிற்றில் தொடங்கி, சாப்பிடும்போது சோற்றோடு இறங்கி, படுக்கும்போது பக்கத்தில் படுத்து, காலையில் அவளுக்கு முன்னால் எழுந்து வாசலில் போய் நின்றது. அவளுக்கு ஆவுடை மேல் கோபம், ஆவுடையின் குடத்தின் மேல் கோபம், இட்லி கட்டிக் கொடுத்த கைகளின் மேல் கோபம், பெயின்ட் அடித்த கையின் மேல் கோபம், லாரி அனுப்பாமல் கும்பிடு போட்டவன் மேல் கோபம், ஒரு கை மஞ்சளை அள்ளிப் போட்ட தன் கை மேல் கோபம். அவர்கள் கெட்டவர்களாக இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர்களுக்குத் தாகம். தாகத்தைத் திட்ட அவளுக்கு வார்த்தை கிடைக்கவில்லை. அதனால் கோபம் இன்னும் கூடியது.

சண்முகவேல் முன்னறைக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வண்டி. குடத்தில் தண்ணீர் விழும்போது முதலில் அடியில் பொத்தென்று கேட்கும், நிறைய நிறைய சத்தம் ஒடுங்கிக்கொண்டே மேலே வரும், கழுத்துக்கு வந்ததும் ஒரு கீச்சல். கேட்டுக் கேட்டு அவருக்குக் குடங்கள் பழகிவிட்டன.

"ஆவுடை குடம் நெறஞ்சிட்டு," என்பார் கண்ணை மூடியபடி. "இது சேர்மத்துரை வீட்டுது, அடி நெளிஞ்ச குடம்."

டம்ளரில் மிச்சமிருக்கும் தண்ணீரை உதட்டில் மட்டும் தொட்டு வைப்பார். கால் பாதங்கள் பணியாரம்போல் உப்பியிருந்தன. செண்பகம் விரலால் அழுத்தினால் குழி விழுந்து, அந்தக் குழி அப்படியே இருந்தது.

"வண்டிக்கு விழுந்த மாதிரி எனக்கும் எங்கயாவது ஒரு வெடிப்பு விழுந்தாத் தேவலை," என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார், சிரிப்பு இருமலாகி மூச்சு வாங்கியது.

இரண்டாவது முறையும் போக முடியாமல் போனபோது ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் போன் செய்தாள். இன்னொரு முறை விட்டால் தண்ணீர் நெஞ்சுக்கு ஏறிவிடும், அப்புறம் கொண்டுவந்தும் பிரயோஜனமில்லை என்றாள்.

செண்பகம் உள்ளூரில் ஹோஸ் கேட்ட கடைக்காரர், எந்த வண்டிக்கு என்று கேட்டு, தெரிந்ததும், எங்கள் வீட்டுக்கும் அங்கிருந்துதான் இரண்டு குடம் வருகிறது என்று ஷட்டரைப் பாதி இறக்கினார். அவள் பஸ் ஏறி அடுத்த ஊருக்குப் போய், யாருக்கு, எதற்கு என்று சொல்லாமல், கீழ் ஹோஸ் ஒன்று, புது கிளிப் இரண்டு, இஞ்சின் சூட்டைத் தணிக்கிற பச்சைக் கூலண்ட் ஒரு கேன், அதோடு கலக்கப் பேட்டரித் தண்ணீர் ஒரு கேன், உப்புத்தாள் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தாள். செய்கிற முறையைப் போனில் ஒரு பையன் வீடியோ போட்டிருந்தான். கழுத்தில் துண்டு, வாய் நிறைய 'நண்பர்களே'. அதை மனப்பாடமாகும் வரை பார்த்தாள்.

மறுநாள் சண்முகவேலுக்கு முறை. காலை வெளிச்சம் நன்றாக விழுந்ததும் அவள் சேலையை ஏற்றிச் செருகி, மேலே அவருடைய பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, பானெட்டைத் திறந்தாள். வரிசை நின்றது. குடங்களுக்குப் பக்கத்தில் பத்திருபது பெண்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். ஆவுடையின் குடம்தான் முதலில், வெடிப்புக்கு நேர்கீழே, பாதி நிறைந்திருந்தது. செண்பகம் அதை எடுத்துத் தள்ளி வைத்தாள்.

"என்ன மதினி, குடத்தத் தொடுதிய?"

"ஒழுகல நிறுத்தப் போறேன்."

யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

"மஞ்சளுக்கே அடங்கல, இவ திருப்புளிக்கு அடங்கப் போகுதாக்கும்!"

"சேர்மத்துரையே கையெடுத்துக் கும்பிட்டுட்டான்."

"நோண்டி விடு செண்பகம், ஒருவேளை கூட வந்தாலும் வரும்."

நிற்கும் என்று ஒருத்தியும் நம்பவில்லை. பொழுது விடிவதும் அடைவதும்போல அது அவர்களுக்கு ஆகிவிட்டிருந்தது. யாரும் எழுந்து வந்து தடுக்கவில்லை.

அவள் வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தாள். தண்ணீர் நெற்றியில் விழுந்தது, கண்ணில் விழுந்தது, வாயில் விழுந்தது. இனிக்கத்தான் செய்தது. திருப்புளியைக் கிளிப்பின் தலையில் வைத்துத் திருகினாள். துரு பிடித்த கிளிப் திரும்ப மறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு திருகினாள். ஒரு சுற்று வந்தது. தண்ணீர் மெலிந்தது. இன்னொரு கிளிப். தண்ணீர் நூலானது. ஹோஸை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கி, முறுக்கி, இழுத்தாள். அது கழன்று அவள் மார்பில் விழுந்தபோது கடைசிச் சொட்டு அவள் கழுத்தில் விழுந்து நின்றது.

வெளியே சிரிப்பு நின்றது.

அவள் ஹோஸோடு வெளியே வந்தாள். யாரையும் பார்க்காமல் காம்பவுண்டுச் சுவருக்குப் போய், அங்கிருந்த ஆணியில் அதைத் தொங்கவிட்டு, அதன் கீழே ஆவுடையின் குடத்தைக் கொண்டுபோய் வைத்தாள். வைத்துவிட்டுக் காத்திருந்தாள். அந்த ஹோஸிலிருந்து தண்ணீர் வர வேண்டும் என்று அப்போது அவள் உண்மையாகவே விரும்பினாள்; வந்தால் இவர்கள் அதை வைத்துக்கொள்ளட்டும், தலைமுறை தலைமுறைக்கும் வைத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தாள். பெண்களும் எழுந்து வந்து பார்த்தார்கள். வெடிப்பு வாய் திறந்து இருந்தது. ஒரு சொட்டு விழவில்லை. அது ஒரு பழைய ரப்பராக இருந்தது.

"இந்தா பாத்துக்கிடுங்க," என்றாள் செண்பகம். "அப்புறம் நான் குடுக்கலன்னு சொல்லக் கூடாது."

ஆவுடை தலையில் அடித்துக்கொண்டாள். அதிலிருந்து தெரு கத்தத் தொடங்கியது.

கத்தலுக்கு நடுவில் அவள் மறுபடி வண்டிக்கடியில் போனாள். ரேடியேட்டரின் அடி மூக்கில் காய்ந்திருந்த மஞ்சளையும் உப்பையும் உப்புத்தாளால் தேய்த்தாள். பேட்டரித் தண்ணீரில் கொஞ்சம் ஊற்றி உள்ளே இருந்த சகதியைக் கழுவி வெளியே விட்டாள். மஞ்சளாக வந்து, பழுப்பாக வந்து, பிறகு வெறுமனே வந்தது. புது ஹோஸை இரண்டு மூக்கிலும் ஏற்றி, கிளிப்பை ஓரத்திலிருந்து ஒரு விரல் தள்ளி வைத்து, திருப்புளி வழுக்கும் வரை இறுக்கினாள். கூலண்டையும் பேட்டரித் தண்ணீரையும் பாதிக்குப் பாதி கலந்து, புனல் வைத்து, மெதுவாக ஊற்றினாள். பச்சை. அந்தப் பச்சையைப் பார்த்ததும் ஒரு கிழவி, "விஷத்த ஊத்துதா பாவி," என்று மண்ணை வாரி எறிந்தாள்.

ஊற்றி முடித்ததும் மூடிவிட்டுப் போய்விட முடியாது. ரேடியேட்டர் மூடியைத் திறந்தே வைத்து இஞ்சினை ஓடவிட வேண்டும். உள்ளே மாட்டிக்கொண்ட காற்று குமிழி குமிழியாக வெளியே வர வேண்டும். காற்று உள்ளே நின்றுவிட்டால் பாதி வழியில் சூடேறி எல்லாம் வீண். பம்பரின் மேல் நிறுத்தி வைத்திருந்த போனில் அந்தப் பையன், "இந்த இடத்துல அவசரப்படவே கூடாது நண்பர்களே, பொறுமையா நில்லுங்க," என்றான்.

அவள் நின்றாள். இஞ்சின் ஓடியது. தெரு முழுக்க அவளைச் சுற்றி நின்று திட்டியது. அவள் பிறப்பைத் திட்டியது, பிள்ளையில்லாததைத் திட்டியது, புருஷனின் நோயைத் திட்டியது. கூலண்ட் வாய் வரைக்கும் வந்து, ஒரு குமிழி உடைந்து, சரக்கென்று கீழே போனது. அவள் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். கையை விட்டு ஹோஸைப் பிசைந்தாள், இன்னொரு குமிழி வந்தது. வண்டியின் மூக்கை ஹாலோ பிளாக் வைத்து அவர்களே தூக்கி நிறுத்தியிருந்ததால் காற்று சுலபமாக மேலே வந்தது. ஒருத்தி வேகமாக வந்து கழற்றி வைத்திருந்த மூடியை எடுக்கப் பார்த்தாள். திறந்த வாயிலிருந்து ஆவி அடித்ததும் பின்வாங்கினாள். அதற்குப் பிறகு யாரும் பக்கத்தில் வரவில்லை. செண்பகம் அந்தக் கொதிக்கும் வாய்க்குப் பக்கத்தில், முகம் வெந்து, நின்றுகொண்டே இருந்தாள்.

"என் வீட்டுல உலை வைக்கத் தண்ணி இல்லடி!" என்றாள் ஆவுடை. 'மதினி' என்ற அழைப்பு போய்விட்டிருந்தது. "பச்சப் புள்ளைக்குக் கால் கழுவத் தண்ணி இல்ல!"

"எம் புருசனுக்கு மூச்சு இல்லடி."

"அதுக்கு ஊரையே சாவடிப்பியா?"

"ஊரச் சாவடிக்கது நானா? லாரிய நிறுத்தினவன் வீடு எங்க இருக்குன்னு உனக்குத் தெரியாதா? எம் வாசல் பக்கத்துல இருக்குன்னு இங்க வந்து நிக்கியோ?"

குமிழிகள் நின்றன. ரேடியேட்டர் விசிறி தானாகச் சுற்றத் தொடங்கி, சுற்றி, நின்றது. அவள் மூடியை அழுத்தித் திருகினாள். பக்கத்து டப்பாவில் கோடு வரைக்கும் கூலண்ட் ஊற்றினாள். ஜாக்கி வைத்து ஹாலோ பிளாக்குகளை ஒவ்வொன்றாக உருவினாள். வண்டி தரைக்கு வந்தது. பந்தல் துணியின் கயிறுகளை அறுத்தாள்.

சண்முகவேல் அதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு தானாகவே வாசலுக்கு வந்திருந்தார். கூட்டம் அவருக்கு மட்டும் வழி விட்டது. மெத்தையில் ஏறிப் படுத்து, கதவை உள்ளேயிருந்து இழுத்துச் சாத்திக்கொண்டார்.

வண்டிக்கு முன்னால் குடங்கள் நின்றன, மூக்கிலிருந்து தெருமுனை வரைக்கும். இந்தப் பக்கம் சுவர், அந்தப் பக்கம் சாக்கடை, தெருவில் வேறு வழி கிடையாது.

"குடத்த எடுங்க," என்றாள் செண்பகம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நீ எடு, என்றாள் ஒருத்தி. நான் ஏன் எடுக்கணும், நீ எடு, என்றாள் இன்னொருத்தி. தண்ணீர் நின்றுவிட்டதை எல்லோரும் கண்ணால் பார்த்துவிட்டிருந்தார்கள். ஆனாலும், ஒருவேளை அது மறுபடி வந்தால், நாளைக்கே வந்தால், முதலில் குடத்தை எடுத்தவள் கடைசிக்குப் போய்விடுவாள். அந்தச் சட்டத்தை மாற்ற யாருக்கும் அதிகாரம் இல்லை. ஒருத்தியும் குனியவில்லை.

செண்பகம் கியரைப் போட்டாள்.

முதல் குடம் டயருக்கடியில் ஒரு கட்டு வெடியைப்போல் வெடித்தது. இரண்டாவது சப்பென்று படுத்தது. மூன்றாவது உருண்டு பம்பரில் மோதிச் சாக்கடையில் விழுந்தது. பச்சை, நீலம், சிவப்பு என்று வரிசை வரிசையாக அவை உடைந்தன, நசுங்கின, சக்கரத்தில் சிக்கிக் கொஞ்ச தூரம் இழுபட்டுக் கிழிந்தன. பெண்கள் தங்கள் குடம் நசுங்கும்போது தங்களையே ஏற்றியதுபோல அலறினார்கள். ஆவுடை நடுத்தெருவில் இரண்டு கைகளையும் விரித்து நின்றாள். செண்பகம் வேகத்தைக் குறைக்கவில்லை, கூட்டவும் இல்லை. ஆவுடையின் முகம் கண்ணாடிக்கு நேரே வந்து, பெரிதாகி, கடைசி நொடியில் விலகிப் பக்கவாட்டில் போனது. தெருமுனையில் கடைசிக் குடம். அது யாருடையது என்று செண்பகத்துக்குத் தெரியவில்லை. அதன் மேலும் ஏற்றினாள்.

பைபாஸ் ரோட்டில் வண்டி சீராக ஓடியது. சூட்டு முள் நடுவில் நின்றது. பின்னாலிருந்து சண்முகவேலின் மூச்சு இழுத்து இழுத்துக் கேட்டது. அவள் முள்ளையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு ஓட்டினாள். அழுகை வரவில்லை.

ஆஸ்பத்திரியில் அவரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். நர்ஸ் அவர் காலை அழுத்திப் பார்த்துவிட்டு அவளை முறைத்தாள்.

"ரெண்டு முறை ஏன் வரல?"

"வண்டி ரிப்பேர்."

"ஒரு வண்டி ரிப்பேர் பண்ணவா இத்தன நாள்? வேற வண்டி இல்லையா, தெருவுல ஆள் இல்லையா?"

அவரை மெஷினோடு இணைத்ததும் சிவப்புக் குழாய் நிறைந்து ஓடத் தொடங்குவதைக் கண்ணாடி வழியே பார்த்துவிட்டுச் செண்பகம் வெளியே வந்தாள்.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. முதல் ஓட்டம் ஓடி, இஞ்சின் முழுக்க ஆறியபிறகு, இன்னொரு தடவை திறந்து பார்க்க வேண்டும். மிச்சக் காற்று வெளியேறியிருந்தால் மட்டம் இறங்கியிருக்கும். வண்டிக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து அது ஆறுவதற்குக் காத்திருந்தாள். அடியில் சிமென்ட் தரை காய்ந்து வெள்ளையாக இருந்தது. போன் அடித்தது. ராமசுப்பு. அவள் எடுக்கவில்லை. மறுபடி அடித்தது, மறுபடி மறுபடி அடித்தது. பானெட் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும், மூடியில் துணியைப் போட்டுத் திறந்தாள். இரண்டு விரல் இறங்கியிருந்தது. கேனில் மிச்சமிருந்ததைக் கலந்து வாய் வரைக்கும் ஊற்றி, மூடி, துடைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"எக்கா! எங்கக்கா இருக்கீக? இவளுக எல்லாம் நசுங்குன குடத்தத் தூக்கிட்டு வந்து என் வீட்டுக்குள்ள எறியுதாளுகக்கா! அடுப்படி வரைக்கும் வந்துட்டாளுக. எங்க வீட்டுத் தொட்டியத் திறந்து அள்ளுதாளுக. சீக்கிரம் வண்டியக் கொண்டாந்து நிப்பாட்டுங்க."

"லாரிய அனுப்பு."

"லாரி வேற வார்டுக்குப் போயிட்டுக்கா, இப்ப எப்படி..."

"அத அவளுககிட்டச் சொல்லு."

அவள் வைக்கவில்லை. ராமசுப்பும் வைக்கவில்லை, அல்லது போன் அவன் கையை விட்டு எங்கோ விழுந்துவிட்டது. தகரம் இழுபடும் சத்தம், ஏதோ உடையும் சத்தம், அதற்கு மேல் ஒரு குரல். ஆவுடை. யாரைத் திட்டுகிறாள் என்று முதலில் விளங்கவில்லை. செண்பகத்தின் பெயர் வந்தது, அவள் வண்டி மண்ணோடு மண்ணாகப் போக வேண்டும் என்று வந்தது. பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, எவர்சில்வர் பைப்பைத் திட்டினாள், மூணு டேப்பைத் திட்டினாள், வைக்காத போர்டைத் திட்டினாள், லாரியைத் திட்டினாள், லாரியை நிறுத்தியவனின் அப்பனையும் பாட்டனையும் பெயர் சொல்லித் திட்டினாள். ஓங்கி, நிறுத்தி, இடம் விட்டு, ஒவ்வொரு வார்த்தையாகத் திட்டினாள்.

செண்பகம் ஸ்பீக்கரைப் போட்டுப் போனை பானெட்டின் மேல் வைத்தாள். கையிலிருந்த பச்சையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். சண்முகவேல் வெளியே வர இன்னும் வெகுநேரம் இருந்தது. ஆவுடையும் நிறுத்துகிற மாதிரி இல்லை.